மருந்தை மிஞ்சும் காளான்!

"மருந்து கேட்கவில்லை!"

கரிசல் காட்டுச் சம்சாரிக்கு இந்தச் சொல் புதிதல்ல. பருத்தியிலே காய்ப்புழு விழுந்த காலத்தில், கடன் வாங்கி மருந்து வாங்கி, ஒரு முறைக்கு நான்கு முறை தெளித்தும் புழு சாகாமல் நெளிந்தபோது, வரப்பிலே குந்தியிருந்து அவன் சொன்ன சொல் அது. இன்று அதே சொல்லைக் குமாரலிங்கபுரத்துத் தேநீர்க் கடையிலும், அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்திலும், திருச்சுழி வட்டாரத்துக் கரிமூட்டத்திலும் வேறு பொருளில் கேட்கிறோம். இடுப்பிலே படை, தொடையிடுக்கிலே படர்தாமரை, பூசிய களிம்பு கேட்கவில்லை! இரண்டு நாள் அடங்குகிறது. நான்காம் நாள் முன்னிலும் பெரிதாய் வட்டமிட்டு வருகிறது. வெட்கத்தால் யாரும் வெளியே சொல்வதில்லை. சொறிந்தபடியே தறியில் உட்காருகிறான் தொழிலாளி.

சொறிக்கும் சிரங்குக்கும் பத்திரிகையில் இத்தனை இடமா என்று தோழர்கள் வினவலாம். காரணம் உண்டு. இடுப்பிலே படரும் அந்தப் படைக்கும், டில்லி ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்திலே புகுந்து ஆளைக் கொல்லும் ஒரு ஈஸ்ட்டுக்கும் கதை ஒன்றுதான். இரண்டும் காளான் இனம். இரண்டும் மருந்தை மிஞ்சி நிற்கின்றன. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், மனிதனைத் தாக்கும் காளான்களில் எவற்றைக் கண்டு உலகம் முதலில் அஞ்ச வேண்டும் என்று முதன்முறையாக ஒரு பட்டியல் போட்டது. பத்தொன்பது பெயர்கள். அவற்றில் மிக அபாயம் என்று தலைமேல் வைத்தவை நான்கு. அந்த நான்கில் மூன்று ஈஸ்ட்டுகள்!

ஈஸ்ட் என்றால் என்ன? ஏதோ சீமைச் சரக்கு என்று எண்ண வேண்டாம். பனை ஏறுகிறவரைக் கேளுங்கள், அவருக்கு ஈஸ்ட்டின் வேலை நன்றாகத் தெரியும். பாளையிலிருந்து சொட்டும் சாறு கலயத்திலே இனிப்பாய் விழுகிறது. சும்மா விட்டால் பொழுது ஏறுவதற்குள் நுரை கட்டிப் பொங்கிக் கள்ளாகிறது. பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தடவியது போதாமல் போனால்? பதநீருமில்லாமல் கள்ளுமில்லாமல் ஒரு புளிப்புத் தண்ணீர். எந்த விஞ்ஞானியும் சொல்லித் தராமல், காளானை அடக்க அளவறிந்து மருந்திட்ட மக்கள் நம்மவர்கள். இந்தக் 'போதாத சுண்ணாம்பு' சங்கதியைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் தேவைப்படும்.

கள்ளைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டின் உறவுக்காரர்கள் சிலர் நம் உடம்பிலேயே குடியிருக்கிறார்கள். கேண்டிடா என்று பெயர். வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் பலர்க்கும் உண்டு. உடம்பு திடமாய் இருக்கும் வரையில் ஓசையின்றிக் கிடக்கும். கைக்குழந்தையின் நாக்கில் மாவு பூசினாற்போல் வெள்ளை படிகிறதே, கிராமத்துத் தாய்மார் 'அக்கரம்' என்பார்களே, அது கேண்டிடாவின் வேலை. சர்க்கரை வியாதி முற்றியவர்களுக்கு அதனால் புண்ணாவதும் உண்டு. அதோடு நின்றால் பெரிய தீங்கில்லை. உடம்பு நலிந்து, ஆஸ்பத்திரியிலே நரம்பில் குழாய் செருகிக் கிடக்கும் நோயாளியின் ரத்தத்தில் அது புகுந்தால்தான் எமன்.

இதற்கு மருந்தில்லையா? இருக்கிறது. ஆனால் மிகச் சிலவே இருக்கின்றன. ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

பாக்டீரியா என்பது நம் உடம்போடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் கட்டுமானமே வேறு. அதைக் கொல்லும் விஷம் நம்மைத் தொடாமல் போவது எளிது. காளான் அப்படியல்ல. உயிரினங்களின் குடும்ப மரத்தில், செடி கொடிகளைவிடக் காளான்தான் மனிதனுக்கு நெருங்கிய சொந்தம்! அதன் உயிரணுவும் நம் உயிரணுவும் பெரும்பாலும் ஒரே மாதிரி. அதைக் கொல்லப் போட்ட மருந்து நம்மையும் பதம் பார்க்கும். எங்கே வேற்றுமை இருக்கிறது என்று தேடித்தேடி விஞ்ஞானிகள் கண்டது இரண்டு மூன்று இடங்களைத்தான். நம் உயிரணுவின் மெல்லிய தோலிலே கொலஸ்ட்ரால் இருக்கிறது. காளானின் தோலிலே அதற்குப் பதில் எர்கோஸ்ட்ரால் இருக்கிறது. காளானுக்கு வெளியே ஒரு சுவர் உண்டு; நமக்கு அது கிடையாது. மருந்துகளெல்லாம் இந்த ஓட்டைகளில் நுழைந்துதான் அடிக்கின்றன.

முதல் மருந்துகள் கிடைத்த வரலாறு சுவையானது; சற்று நின்று பார்ப்போம். நியூயார்க் மாநிலச் சுகாதார இலாகாவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண் விஞ்ஞானிகள் இருந்தார்கள். இருவரும் வேறுவேறு ஊரில் வேலை; மண்ணும் மாதிரிகளும் தபாலிலே போய் வரும். வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையின் மண்ணிலிருந்து 1950-இல் அவர்கள் எடுத்த மருந்துக்குத் தங்கள் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்த உரிமைத்தொகை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல். ஒரு காசைக்கூடத் தங்களுக்கென எடுத்துக்கொள்ளவில்லை. முழுதும் ஆராய்ச்சிக்கே விட்டார்கள். அடுத்து ஆம்ஃபோடெரிசின், வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்தது. நாட்டாமைசின், தென்னாப்பிரிக்காவின் நாட்டால் மண்ணிலிருந்து வந்தது. கதிர் அறுக்கையில் சோளத் தட்டை கண்ணில் குத்திக் காளான் புண் வைத்தால், இன்றும் அந்த நாட்டால் மண்ணின் மருந்தைத்தான் சொட்டுவிடுகிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முன்நின்று நடத்திய சோதனையில், புதிய விலையுயர்ந்த மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே மேல் என்று 2013-இல் வெளியாயிற்று.

நம் நாட்டு மண்ணும் சும்மா இருக்கவில்லை. புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் சர்க்கார் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையில், திருமலாச்சார் என்ற விஞ்ஞானியின் குழு, அந்த ஊர் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற காளான் மருந்தை 1961-இல் கண்டது. அந்த நுண்ணுயிருக்கே 'பிம்ப்ரினா' என்று ஊரின் பெயர்! மக்கள் பணத்தில் நடந்த ஆலை. மக்களுக்கு வாய்ப்புண் மருந்து. பின்னாளில் அந்த ஆலையை நலிய விட்டார்கள். கவனிப்பாரற்று நொடித்த பொதுத்துறை ஆலைகளின் கணக்கில் அதுவும் சேர்ந்தது. நமக்கு இதிலே வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

பிறகு வந்தது ஃப்ளூகொனசோல். ஃபைசர் கம்பெனி இங்கிலாந்தில் உருவாக்கியது. 1990-இல் அமெரிக்கா அனுமதித்தது. விழுங்கும் மாத்திரை, பக்க விளைவு குறைவு. எர்கோஸ்ட்ராலைச் செய்யும் நொதி ஒன்றைப் பிடித்து நிறுத்திவிடும். அசோல் என்பது இந்த மருந்துக் குடும்பத்தின் பெயர். எய்ட்ஸ் நோய் பரவிய காலம் அது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை 1986-இல் கண்டறிந்திருந்தார்கள். எய்ட்ஸ் நோயாளியின் வாயெல்லாம், தொண்டையெல்லாம் கேண்டிடா. கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னோர் ஈஸ்ட் மூளையுறையிலே புகுந்து கொல்லும். இருவர்க்கும் ஃப்ளூகொனசோல் உயிர் மருந்து. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால், நம் நாட்டு ஆலைகள் அதை மலிவாகச் செய்தன. தென்னாப்பிரிக்காவில் அந்த வழியில்லை. அங்கே ஜாக்கி அக்மட் என்ற போராளி, 2000-ஆம் ஆண்டில் தாய்லாந்துக்குப் போய், அங்கே மலிவாக விற்ற அதே மருந்தைப் பகிரங்கமாக வாங்கிவந்து சட்டத்தை மீறினார்!

மருந்து கிடைத்தது; நல்லது. ஆனால் எய்ட்ஸ் நோயாளிகள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தினமும் விழுங்க வேண்டியிருந்தது. 1990-களிலேயே டாக்டர்கள் ஒன்றைக் கண்டார்கள். முதலில் ஒரு மாத்திரைக்கு அடங்கிய வாய்ப்புண் பிறகு இரண்டுக்கு அடங்கிற்று. பிறகு நான்குக்கும் அடங்கவில்லை. மருந்து கேட்கவில்லை!

ஏன் கேட்கவில்லை? 'கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது' என்பார்கள். அது சரியான விளக்கமல்ல. சாராயத்துக்கு மனிதன் பழகுவதுபோல் ஈஸ்ட் மருந்துக்குப் பழகுவதில்லை. நடப்பது வேறு.

மழை பொய்த்த ஆண்டிலே நம் காட்டைப் பாருங்கள். கம்பு கருகும். பருத்தி வாடும். புல்லும் காயும். சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாய் நிற்கும். அடுத்த மழை விழுந்ததும் காடெங்கும் முளைப்பது யாருடைய விதை? அதனுடையதே! வறட்சி வந்து கருவேலத்துக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. அதனிடம் முன்பே இருந்த குணம் அது. மற்றதெல்லாம் அழிந்ததால் இடம் முழுவதும் அதற்குக் கிடைத்தது. மருந்து என்பது ஈஸ்ட்டுக்கு வறட்சி. கோடிக்கணக்கான ஈஸ்ட்டுகள் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை இரண்டாய்ப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் தன் மரபுச் சுவடியைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கையில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகள் வீண். சில பிழைகள் அதற்கே கேடு. எப்போதாவது ஒரு பிழை, மருந்துக்குத் தப்பும் வழியாக அமைந்துவிடுகிறது. மருந்து இல்லாதபோது அந்தப் பிழைக்கு மதிப்பில்லை. மருந்து வந்துவிட்டால் அதுவே ராஜா!

என்னென்ன பிழைகள்? முதலாவது, மருந்து போய் உட்காரும் நொதியே உருமாறிவிடுவது. நொதியின் வேலை கெடாது. மருந்து உட்காரும் இடம் மட்டும் பிசகிவிடும். ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும். இன்னொன்று, அந்த நொதியை அளவுக்கு மேல் செய்து குவிப்பது. பத்துப் பேரைப் பிடிக்க வந்த போலீசுக்கு முன் நூறு பேர் நின்றால் என்ன செய்வது? மூன்றாவதுதான் நமக்கு வியப்பூட்டுவது. ஈஸ்ட்டின் தோலிலே இறைக்கும் இயந்திரங்கள் உண்டு. உள்ளே வரும் விஷத்தை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. சாதாரணமாக ஒன்றிரண்டு ஓடும். பிழை விழுந்த ஈஸ்ட்டில் அவை இரவும் பகலும் நிற்காமல் ஓடும். கமலை பூட்டிக் கிணற்றை இறைப்பதுபோல், மருந்து உள்ளே ஊற ஊற வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற இனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நொதியின் மரபணுவும், இறைக்கும் இயந்திரத்தை முடுக்கும் மரபணுவும் அதன் ஐந்தாம் குரோமோசோமின் ஒரே கையில் இருக்கின்றன. மருந்தின் நெருக்கடியில், அந்தக் கையையே இரட்டிப்பாகப் பெற்ற ஈஸ்ட்டுகள் பிழைத்துக்கொள்கின்றன. ஒரே அடியில் இரண்டு லாபம்!

இதோடு குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல், நரம்புக்குழாயின் உட்சுவரில் வழவழவென்று படலம் கட்டிக்கொள்ளும் வித்தையும் அதற்கு உண்டு. படலத்துக்கு அடியில் இருப்பவற்றை மருந்து எளிதில் தொட முடியாது. குழாயைப் பிடுங்கி எறிந்தால்தான் தீரும்.

ஈஸ்ட்டுகளில் சில இனங்கள் பிறக்கும்போதே ஃப்ளூகொனசோலுக்கு அடங்காதவை. ஒரு வார்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே அந்த மாத்திரையைக் கொடுத்துவந்தால் என்ன ஆகும்? அடங்கும் இனம் ஒழிந்து அடங்காத இனம் குடியேறும். அவ்வாறே ஆயிற்று பல நாடுகளில்.

இனி டில்லிக் கதைக்கு வருவோம்.

2009-இல் ஜப்பானில், தோக்கியோ நகரத்து மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து ஒரு புதிய ஈஸ்ட்டைக் கண்டார்கள். காதிலே கண்டதால் கேண்டிடா ஆரிஸ் என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். அப்போது அது பெரிதாய் யாரையும் பயமுறுத்தவில்லை. 2013-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்து டாக்டர் அனுராதா சவுத்ரியின் குழு ஒரு செய்தியை வெளியிட்டது. டில்லியின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு நோயாளிகளிடம் அதே ஈஸ்ட். எல்லாமே ஒன்றிலிருந்து பிரிந்த வாரிசுகள். ஃப்ளூகொனசோல் கேட்கவில்லை. வழக்கமான சோதனைக்கூடக் கருவிகள் அதை வேறோர் ஈஸ்ட் என்று தப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தன; ஆகவே எத்தனை காலம் யாரும் அறியாமல் உலவியதோ!

சண்டிகர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார், 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011, 2012 ஆண்டுகளில் ரத்தத்தில் கேண்டிடா புகுந்த 1,400 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் ஆரிஸ். 27 பிரிவுகளில் 19-இல் அது இருந்தது. 2009 முதல் 2017 வரை இந்திய ஆஸ்பத்திரிகளில் சேர்த்த 350 ஆரிஸ் ஈஸ்ட்டுகளைச் சோதித்ததில், நூற்றுக்குத் தொண்ணூறு ஃப்ளூகொனசோலுக்கு அடங்காதவை! எட்டு, ஆம்ஃபோடெரிசினுக்கும் அடங்காதவை. இரண்டு, எக்கினோகேண்டின் என்ற கடைசி வகை மருந்துக்கும் அடங்காதவை. சுவரைக் கட்டும் நொதியைப் பிடிப்பது இந்தக் கடைசி மருந்து. அந்த நொதியிலும் ஓர் எழுத்துப் பிழை, கதை முடிந்தது. அந்த மருந்தை ஊசியில்தான் ஏற்ற முடியும். ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கில் செலவு. கூலிக்காரன் வீட்டில் மாடும் தோடும் போகும் விலை அது.

கோவிட் வந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டில்லியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் கோவிட்டோடு போராடிய பதினைந்து பேரின் ரத்தத்தில் கேண்டிடா புகுந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆரிஸ். ஆரிஸ் புகுந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் மாண்டார்கள். கோவிட்டிலிருந்து தப்பியிருக்கக்கூடியவர்களும் அதில் இருந்திருக்கலாம்.

இந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது? வெவ்வேறு கண்டங்களில், ஏறக்குறைய ஒரே காலத்தில், தனித்தனிக் கிளைகளாக எழுந்திருக்கிறது. அந்தமான் தீவின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் அது வாழ்வதை டாக்டர் சவுத்ரியின் குழுவே 2021-இல் காட்டியது. அங்கே கிடைத்தவற்றில் ஒன்று, மருந்துகளுக்கு அடங்கும் சாதுவான ரகம்; சூட்டிலே மெல்லத்தான் வளர்ந்தது. ஆக, ஆதியில் மருந்தை அறியாத உயிர் என்று எண்ண இடமிருக்கிறது. பூமி சூடேறச் சூடேற, சூடு தாங்கும் காளான்கள் தேறி, மனித உடம்பின் சூட்டையும் தாங்கக் கற்றன என்று சில விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், முடிவல்ல. மற்றொரு கண்டுபிடிப்பு நம் சம்சாரிகள் காதில் விழ வேண்டியது. வட இந்தியச் சந்தையில், சேமித்து வைத்திருந்த ஆப்பிள் பழத்தின் தோலிலே ஆரிஸ் இருந்ததை 2022-இல் கண்டார்கள். தோட்டத்தில் அப்போதே பறித்த பழத்தில் இல்லை. அழுகாமல் இருக்கப் பழத்துக்குக் காளான் மருந்து பூசுகிறார்களே!

பயிருக்குத் தெளிக்கும் காளான் கொல்லிகளில் பல, ஆஸ்பத்திரி மருந்தின் உடன்பிறப்புகள். ஹெக்சகொனசோல், டெபுகொனசோல், புரொப்பிகொனசோல் என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வாலைப் பார்த்தாலே குடும்பம் தெரியும்! வயலிலே தெளித்ததால் ஆஸ்பத்திரியிலே மருந்து தோற்பது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மெய்ப்பிக்கப்பட்ட சங்கதி. மிளகாய்க்கும் நெல்லுக்கும் தெளிக்காதே என்று நாம் சொல்லவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் கலந்து, நோய் வருமுன்பே வாராவாரம் அடிக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறோம்.

போகட்டும், நம் இடுப்புப் படைக்கு வருவோம். அது ஈஸ்ட் அல்ல, இழையாய்ப் படரும் வேறு காளான். ஆனாலும் தத்துவம் ஒன்றே. அருப்புக்கோட்டைக் கடையொன்றில் நடக்கும் உரையாடலை யாரும் ஊகிக்கலாம்.

"அண்ணாச்சி, படைக்கு ஒரு டியூப் குடுங்க."

"இந்தா தம்பி, இதைப் போடு. ரெண்டே நாள்ல அமுங்கிரும்."

உண்மைதான், இரண்டே நாளில் அமுங்குகிறது! காரணம், அந்தக் குழாயில் காளான் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு காளானைக் கொல்லாது. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். ஊர்க்காவலர்களைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனைப் பிடிக்கப் போகிறோம் என்பதுபோல், உடம்பின் எதிர்ப்பைத் தூங்க வைக்கிறது. அரிப்பு நின்றதும் தொழிலாளி பூசுவதை நிறுத்துகிறான். காளானோ அடியிலே அரைகுறை மருந்தில் பிழைத்துக் கிடக்கிறது. கலயத்துக்குப் போதாத சுண்ணாம்பு! மீண்டும் வருகிறது, மீண்டும் பூசுகிறான், தோல் மெலிந்து கோடு விழுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் நாடு முழுதும் நடந்ததன் பலன் என்ன? டெர்பினாஃபின் என்ற அருமையான மருந்து, எர்கோஸ்ட்ரால் செய்யும் வழியில் வேறொரு நொதியைப் பிடிப்பது, அதற்கு அடங்காத ஒரு காளான் எழுந்தது. இந்தியா, நேபாளத்திலிருந்து போனவர்களிடம் அதைக் கண்ட ஜப்பானியர் 2020-இல் டிரைகோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023-இல் நியூயார்க்கிலும் அது வந்துவிட்டதாக அமெரிக்கர் அறிவித்தார்கள். நோய்க்கு நாட்டின் பெயரைச் சூட்டுவது நமக்குப் பிடிக்கவில்லை. நம் நாட்டு டாக்டர்களும் ஆட்சேபித்தார்கள். ஆனால் பெயரைப் பற்றிய ரோஷம் மட்டும் போதுமா?

ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் டில்லி சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பு கெஜட்டிலே இருக்கிறது; களிம்பு கடையிலே இருக்கிறது! கடைக்கார அண்ணாச்சியை மட்டும் குற்றம் சொல்ல நாம் தயாரில்லை. கலவையைச் செய்து, கவர்ச்சியான பெயர் வைத்து, கடைதோறும் இறக்கிய கம்பெனிகளின் கணக்கு எங்கே? மருந்து எட்டாமல் தென்னாப்பிரிக்காவில் மாண்டவர்களும், கண்டபடி இறைத்ததால் இங்கே செத்துப்போன மருந்தும், இரண்டும் ஒரே சந்தையின் வேலை.

'படிப்பில்லாத ஜனங்கள் பாதியில் நிறுத்துகிறார்கள்' என்று பேசுவது சிலருக்கு வழக்கம். பாதியில் ஏன் நிறுத்துகிறான்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. நான்கு வாரம், ஆறு வாரம் மாத்திரை என்றால், வாங்கக் காசு வேண்டும். வேர்வை ஊறிய துணியை மாற்ற மாற்றுத்துணி வேண்டும். இரண்டு வேளை குளிக்கத் தண்ணீர் வேண்டும்; நம் வானம் பார்த்த பூமியிலே குடிக்கவே குடம் தேடும் கோடையில்! வீட்டில் நால்வருக்கும் ஒரே துண்டு. ஒருவருக்குத் தீர்ந்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்தாலொழியத் தீராது. இதிலே எது அறியாமை, எது வறுமை?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தோன்றியது முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஒழுங்காய்ப் போகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்தது. இவை நமக்குள்ள பலம். அங்கே நாம் கேட்க வேண்டியவை உண்டு. காளான் நோய்க்கு முழுத் தவணை மருந்தும் ஒரே சீட்டில் கிடைக்க வேண்டும். ரத்தத்தில் வளர்ந்த ஈஸ்ட்டின் இனம் எது, எந்த மருந்து கேட்கும் என்று மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிக் காத்திராமல் மாவட்டத்திலேயே சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஆரிஸ் கண்டால் கட்டில், கருவி, கை என்று அனைத்தையும் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். அது நாட்கணக்கில் கட்டில் கம்பியில் உயிரோடு கிடக்கும் பிராணி. அந்தச் சுத்தம் செய்பவர் ஒப்பந்தக் கூலியாய் அரைச் சம்பளத்தில் இருந்தால் சுத்தமும் அரையாய்த்தான் இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்து ஈ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. வரட்டும், வேலை வரட்டும். ஆனால் நூலும் சாயமும் ஆவியும் உள்ள கொட்டகையிலே எட்டு மணி நேரம் வேர்வையில் ஊறும் உடம்புக்கு அங்கே என்ன ஏற்பாடு என்று தோழர்கள் இப்போதே கேட்க வேண்டும். கழுவிக்கொள்ள வசதி, ஈர உடையைக் காயவைக்க இடம் இவையெல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 42, 43 பிரிவுகளில் எழுதப்பட்டவை. எத்தனை ஆலையில் நடந்தது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். விடுதியிலே பத்துப் பேருக்கு ஒரு குழாய் என்றால், ஒருவன் படை பத்துப் பேர் படை.

அதுவரையில் உடனே செய்யக்கூடியது ஒன்று. களிம்புக் குழாயின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியாதவர்க்குப் படிப்பகத்துப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் படைக்குப் பூச வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனால், தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். படையின் ஓரத்தில் சிறிது செதில் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கி வழியே பார்ப்பது, அவ்வளவுதான். காளான் இருந்தால் இழை இழையாய்த் தெரியும். சில நிமிடம் போதும், செலவு சொற்பம். களிம்பைச் சில நாள் நிறுத்திவிட்டுப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும்.